ஒரே பச்சை மனிதன், இரண்டு படங்கள்

சென்ற போயா விடுமுறையன்று வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், பெறாமகனோடு இருந்து இரண்டு ஹல்க் படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதலாவது 2003இல் ஆங் லீ இயக்கியது; மற்றையது 2008இல் லூயி லெத்தேரியே இயக்கியது. ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் 1962இல் படைத்த சித்திரக்கதை நாயகனே இரண்டிலும் வருகிறான்; புரூஸ் பானர் என்னும் அந்த விஞ்ஞானி, கோபம் மூண்டால் ஹல்க் என்ற பச்சைப் பேருருவாக மாறுபவன். பெறாமகனுக்கு இரண்டாவது படமே பிடித்தது. நானோ, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோல்விப் படம் என்று ஒதுக்கப்பட்டுவரும் முதலாவதையே உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

2008ஆம் ஆண்டுப் படம் விறுவிறுப்பானது என்பதை மறுக்க முடியாது. ரியோ டி ஜெனிரோவின் நெருக்கமான குடியிருப்புகளுக்கூடாக நடக்கும் துரத்தல் இன்றும் சலிக்கவில்லை. ஆயினும், பானராக நடிக்கும் எட்வர்ட் நோர்ட்டனின் மணிக்கட்டில் உள்ள கருவி இதயத்துடிப்பை அளக்க, அது 200ஐத் தொட்டால் ஹல்க் வெளிப்படுவான் என்று வைத்ததால், கோபமும் ஓட்டமும் காதல் நெருக்கமும் அங்கே ஒரே கணக்காகிவிடுகின்றன.

ஆங் லீயின் படத்திலோ கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மகனைக் கொல்ல வந்த தந்தையின் கத்திக்குத் தாய் குறுக்கே பாய்ந்து இறந்ததை, சிறுவயதிலேயே கண்ட புரூஸ் பானர் அதை மறந்தே வளர்கிறான். மூடிய கதவாகவும் துண்டு துண்டான கனவாகவும் அந்நினைவு மீண்டும் மீண்டும் வந்து மோதுகையில், பானராக நடிக்கும் எரிக் பானாவின் அடங்கிய முகத்துக்குள் என்ன புதைந்திருக்கிறது என்பதை நாம் மெல்ல மெல்ல அறிகிறோம். ஆய்வுகூட விபத்துக்கு முன்பே அவன் காயப்பட்டவன். தந்தையாக நிக் நோல்டி நடித்திருப்பது சில இடங்களில் மேடை நாடகம்போல ஓங்கி ஒலித்தாலும், அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு அது பொருந்தவே செய்கிறது.

திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒரே நிகழ்வைப் பல கோணங்களில் ஒருங்கே காட்டும் படத்தொகுப்பும் அன்று பலருக்கு எரிச்சலூட்டியது. சித்திரக்கதையின் கதையை மட்டும் எடுக்காமல், அதன் பக்கத்தை வாசிக்கும் அனுபவத்தையே திரைக்குக் கொண்டுவர முயன்ற அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆயினும், இருளில் நாய்களோடு ஹல்க் போடும் சண்டையும், தந்தையுடனான குழப்பமான இறுதி மோதலும் மெய்யான குறைகள்.

இரண்டாவது வார இறுதியில் அமெரிக்க வசூல் ஏறத்தாழ 70 வீதம் சரிந்ததே அப்படத்தின்மீது தோல்வி முத்திரை விழக் காரணம். ஆனால் உலகளவில் அது ஈட்டியது ஏறத்தாழ 245 மில்லியன் டொலர். 2008ஆம் ஆண்டுப் படம் ஈட்டியதோ ஏறத்தாழ 265 மில்லியன். இடைவெளி அவ்வளவுதான்.

இரண்டு படங்களிலும் ஹல்க்கைத் தணிப்பவள், பானர் நேசிக்கும் பெற்றி. 2008இல், இடிமழையிலே குகைவாசலில் நின்று வானத்தை நோக்கிப் பாறையை எறியும் ஹல்க்கை அவள் ஆற்றும் காட்சி அப்படத்தின் மிக நல்ல இடம். 2003இல், சான் பிரான்சிஸ்கோ தெருவில் துப்பாக்கிகள் சூழ நிற்கையில், அவளைக் கண்டதும் அவன் உருவம் சுருங்கி மனிதனாகிறது. தன்னைக் கண்டுபிடித்துவிட்டாயே என்கிறான். அது அப்படியொன்றும் கடினமாக இருக்கவில்லை என்கிறாள் அவள். இல்லை, கடினமாகத்தான் இருந்தது என்கிறான் அவன்.