பணிப் பயணங்களுக்கு நடுவே ஓட்டப் பயிற்சி: நான்கு ஆண்டு அனுபவம்

மாதத்தில் எட்டு முதல் பத்து நாட்கள் வெளியூரில் கழியும் வேலை எனக்கு. ஓடத் தொடங்கிய முதல் ஆண்டில் ஒவ்வொரு பயணத்தின்போதும் பயிற்சி அறுந்துபோகும். திரும்பி வந்து பழைய வேகத்தைப் பிடிப்பதற்குள் அடுத்த பயணச்சீட்டு மின்னஞ்சலில் வந்து நிற்கும். நேரமின்மைதான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். வாரம் ஐந்து நாள் ஓடும் அட்டவணையை அப்படியே வெளியூருக்கும் கொண்டுபோனதுதான் தவறு என்பது பிறகே புரிந்தது. முதல் நாள் தவறியதும் ‘இந்த வாரம் போயிற்று’ என்று மிச்சத்தையும் கைவிட்டுவிடுவேன்.

இப்போது பயண வாரங்களில் இரண்டே ஓட்டங்கள்; அவற்றில் ஒன்று மூச்சு வாங்கும்படியான வேக ஓட்டம். இந்த எண்ணிக்கையை நானாகக் கற்பித்துக்கொள்ளவில்லை. ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் தம் சகாவுடன் 1981இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வாரம் 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை 4 நாளுக்கும் 2 நாளுக்கும் குறைத்துப் பார்த்தார்கள். கடுமையையும் ஒரு நாளைய நேரத்தையும் குறைக்காத வரையில், 15 வாரங்கள் கழித்தும் அவர்களுடைய உடல் உச்சமாக எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. 1985இல் வந்த தொடர் ஆய்வில் நாட்களைக் குறைக்காமல் கடுமையை மட்டும் குறைத்தபோது அந்த அளவு இறங்கியது. இதைப் படிக்கும்வரை நான் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன்: வெளியூரில் இருக்கிறோமே என்று எல்லா நாளும் மெதுவாக ஓடி, ஓடிவிட்ட திருப்தியோடு திரும்புவேன்.

எப்போது ஓடுவது என்பதில் எனக்கு இப்போது இரண்டாம் பேச்சு இல்லை, விடியற்காலைதான். மாலையில் ஓடலாம் என்று திட்டமிட்ட நாட்களில், கூட்டம் நீண்டும், யாரோ சாப்பிட அழைத்தும், பாதிக்கு மேல் வீணாகிவிட்டன. விடியற்காலை ஓட்டம் உண்மையில் முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. ஷூவுக்குள் காலுறை, அதன்மேல் மடித்த கால்சட்டை, அதன் சிறு பையில் அறைச் சாவி அட்டை என்ற வரிசையில் கதவோரம் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். காலையில் விளக்கைப் போட்டுப் பெட்டியைத் துழாவும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் மனம் பின்வாங்கும் என்பதை இரண்டு மூன்று முறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

பழகாத ஊரில் வட்டப் பாதை தேடுவதை விட்டுவிட்டேன். நேர் சாலை ஒன்றைப் பிடித்து, 20 நிமிடம் ஓடி, அதே வழியில் திரும்பி வருவதில் வழி தவற இடமில்லை. தங்கும் இடத்தின் முகவரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சாவி அட்டையோடு வைத்துக்கொள்வதும் வழக்கம். கைப்பேசி அணைந்துபோன ஒரு காலையில் அதுதான் கைகொடுத்தது. நடைபாதை இல்லாத சாலையில் எதிர்வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஓட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்லும் நாடுகளில் அந்தப் பக்கம் மாறிவிடுவது அரைத்தூக்கத்தில் நினைவுக்கு வராது. பழக்கத்தில் வலப்புறம் மட்டும் பார்த்துவிட்டுச் சாலையில் காலை வைத்து, இடப்புறத்திலிருந்து வந்த வண்டியின் ஒலிப்பானுக்குத் துள்ளிப் பின்வாங்கியிருக்கிறேன்.

இருட்டோ மழையோ இருந்தால் டிரெட்மில்லைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு அது பிடிக்காது, ஆனால் வேக ஓட்டத்துக்கு அதைவிட வசதியானது எதுவும் இல்லை. சாலைச் சந்திப்பு இல்லை, நாய் இல்லை. வெளியில் ஓடுவதற்கு இணையாக டிரெட்மில்லில் 1 விழுக்காடு ஏற்றம் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். 1996இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்விலிருந்து வந்த எண் அது. மணிக்குச் சுமார் 10.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகங்களுக்குத்தான் பொருந்தும். மணிக்கு 9 கிலோமீட்டரில் நிதானமாக ஓடும் நாட்களிலும் நான் அதை ஆண்டுக்கணக்கில் பக்தியோடு வைத்துக்கொண்டிருந்தேன். அதைவிட முக்கியமானது காற்று. நின்ற இடத்திலேயே ஓடுவதால் எதிர்க்காற்று இல்லை, வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடல் விரைவில் சூடேறுகிறது. ஆகவே மின்விசிறிக்கு நேரெதிரே உள்ள பொறியைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். திரையில் காட்டும் வேகத்தை நம்புவதில்லை. ஒரே கூடத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பொறிகளில் ஒரே எண்ணை வைத்து ஓடியபோது ஒன்றில் பேச முடிந்தது, மற்றதில் முடியவில்லை.

ஷூ விஷயத்தில்தான் அதிகம் நஷ்டப்பட்டேன். ஈரமான ஷூவை முடி உலர்த்தியின் சூட்டில் காட்டி, முன்பக்க அடித்தட்டு பசை விட்டு வாய் பிளந்துபோனது. இப்போது உள்தட்டைக் கழற்றி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைக்கிறேன். காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடுகிறது. பயணத்துக்கென்று தனி ஜோடி வாங்கியது நல்ல முடிவு. அது எப்போதும் பெட்டியிலேயே இருப்பதால் மறந்துவிட்டேன் என்ற சாக்குக்கு இடமில்லை. எடைக் கட்டுப்பாடு இருந்தால் அதையே காலில் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறேன். துணிக்கு இரண்டு செட் போதும். குளிக்கும்போதே அலசி, உலர்ந்த துண்டில் சுருட்டி முறுக்கினால் நீர் பெருமளவு இறங்கி, விடிவதற்குள் காய்கிறது.

நீண்ட விமானப் பயணத்துக்கு மறுநாள் வேக ஓட்டத்தை வைப்பதில்லை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு நிகராகக் குறையலாம், ஈரப்பதமும் மிகக் குறைவு. கிழக்கு நோக்கிப் பறந்தால் உடலின் கடிகாரத்தை முன்னே தள்ள வேண்டியிருப்பதால் தூக்கம் சீராக இன்னும் நாளாகிறது. அந்தக் காலையில் வெளிச்சத்தில் அரை மணி நேரம் மெதுவாக ஓடுவதோடு சரி. வெப்பமான ஊருக்குப் போனாலும் இதே பேச்சுதான். உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். மூன்று நாள் பயணத்தில் அதை எதிர்பார்த்து வழக்கமான வேகத்தில் ஓடினால் மூன்றாவது கிலோமீட்டரிலேயே நடக்க வேண்டியதாகிறது.

இன்னும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அதிகாலை வண்டியில் போய் மறுநாள் நள்ளிரவில் திரும்பும் இரண்டு நாள் பயணங்களில் ஓட இடமே கிடைப்பதில்லை. ஒருமுறை தூக்கத்தைக் குறைத்து முயன்றதில், கூட்டத்தின் நடுவே கண்கள் சொருகி, எதிரே இருந்தவர் என் பெயரை இருமுறை அழைக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அந்த நாட்களைக் குறிப்பேட்டில் முன்கூட்டியே ஓய்வு என்று எழுதிவிடுகிறேன். ஷூ மட்டும் வழக்கம்போல் பெட்டியிலேயே கிடந்து, ஓடாமலே போய்வருகிறது.