வீடில்லாத ஆக்களைப் பற்றிக் குறும்படம்: உண்மையான ஆளா, கூத்துக்காரரா?

வன்னியில குறும்படம் எடுக்க வெளிக்கிடுற பெடியள் கனபேர் முதல் படத்துக்கு எடுக்கிற கதை ரோட்டில படுக்கிற ஒரு ஐயாவும் அவருக்கு இரங்குற ஒரு மனுசனும்தான், நாங்களும் அப்பிடித்தான் தொடங்கினம். கையில போனும் கொஞ்சக் காசும். பஸ் ஸ்ராண்டில படுக்கிறவரையே எடுப்பம், நடிகருக்குக் குடுக்கிற காசு மிச்சம், படமும் உண்மையா இருக்கும் எண்டு நினைச்சம். பிறகு அதே கதைய ஒரு கூத்துக்காரரை வைச்சும் எடுத்தம். ரெண்டையும் செய்து பாத்ததாலதான் சொல்லுறன்.

உண்மையான ஆளின்ர முகம் எந்த மேக்கப்பிலயும் வராது, அது சரி. ஆனா நான் போனைத் தூக்கினவுடன அந்த ஐயா முதல் செய்தது சட்டைப் பட்டனைப் போட்டது, பிறகு சொப்பின் பாக்கைக் காலுக்குப் பின்னால தள்ளி மறைச்சது. வேண்டாம் எண்டு வாயால சொல்லேல்ல. கொஞ்சம் முன்னம் பாணும் பிளேன்ரீயும் வாங்கிக் குடுத்த பெடியனிட்ட அவர் எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுவார்? அதைச் சம்மதம் எண்டு எடுக்கவே கூடாது. யூடியூப்பில ஏத்தினா அவற்ற பிள்ளையளும் பாப்பினம், ஊர்ச்சனமும் பாக்கும். தெருவில அலையிறதையும் பிச்சையெடுக்கிறதையும் குற்றமாக்கி 1841ல வெள்ளைக்காரன் போட்ட கட்டளைச் சட்டம் இருக்கிற நாட்டில அவற்ற முகத்தக் காட்டிப்போட்டு நாங்கள் விருது வாங்கிறது எனக்குச் சரியாப் படேல்ல, எடுத்ததை அழிச்சிட்டன்.

கூத்துக்காரர் எண்டா வேற கரைச்சல். முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடிப் பழகின அண்ணாவியார், கடைசி வரிசைக்கும் கேக்கவேணும் எண்டு பாடின தொண்டை, போன் ஒரு முழம் தள்ளி நிக்கேக்க அழுகையும் சத்தமும் கூடிப்போச்சு, அரை நாள் அதிலயே போட்டுது. பிறகு வசனத்தை எல்லாம் வெட்டிப்போட்டு, "சும்மா படுங்கோ ஐயா" எண்டம். காட்போட் மட்டைய விரிச்சார், செருப்பு ரெண்டையும் கழட்டி ஒண்டோட ஒண்டு சேத்துத் தலைக்குக் கீழ வைச்சார், சாரத்தைக் கால் வரைக்கும் இழுத்துவிட்டார். ஆரும் சொல்லிக்குடுக்கேல்ல. கேட்டா, "வெளிய விட்டா விடிய இருக்காது தம்பி, மெனிக் பாமில படிச்சது" எண்டார். 2009ல சண்டை முடிய மெனிக் பாம் அகதி முகாமில தறப்பாளுக்குக் கீழ படுத்த ஆக்கள் எங்கட ஊரில வீட்டுக்கு வீடு இருக்கினம், அதால இஞ்ச நடிகர் எண்டு தேடிப் போகத் தேவையில்ல. இத்தாலியில 1952ல வந்த உம்பர்ட்டோ டி படத்தில வாடகை குடுக்க ஏலாத கிழவரா நடிச்ச கார்லோ பத்திஸ்தியும் நடிகர் இல்ல, மொழியியல் பேராசிரியர். ரோட்டில படுக்கிறவராவே இருக்கவேணும் எண்டில்ல, ஆளுக்குள்ள அது தெரிஞ்சிருந்தாக் காணும்.

போனா வாடகைக் கமராவா எண்டு கேட்டா போன்தான், பெரிய கமராவைக் கண்டாச் சனம் கூடிடும். இரவில ரியூப் லைற்றுக்குக் கீழ எடுத்தா ஷட்டரை ஒரு செக்கனில 50ல ஒண்டு (1/50) எண்டு வையுங்கோ, இல்லாட்டி வெளிச்சம் துடிக்கும். மிச்சக் காசு முழுக்கச் சத்தத்துக்கு. ஏ9 ரோட்டில லொறி போற சத்தம் எல்லாத்தையும் விழுங்கும், கொலர் மைக் ஒண்டை இரண்டாவது போனில செருகி நடிக்கிறவரின்ர இடுப்பில கட்டிவிடுங்கோ.

இரக்கம் காட்டுற சீனையும் ரெண்டு மாதிரி எடுத்தம். சோத்துப் பார்சலைக் குடுத்து, குளோசப்பில கண்ணீர் விட்டு, புல்லாங்குழல் போட்டது ஒண்டு. கடைக்கார அக்கா பிளேன்ரீயை அவருக்குப் பக்கத்தில வைச்சிட்டு முகத்தப் பாக்காமலே போறது மற்றது. வைச்சுக்கொண்டது மற்றதைத்தான்.

பட்டன் போடுறதையும் அண்ணாவியாரைச் செய்யச் சொல்ல ஆசை, ஆனா அது பஸ் ஸ்ராண்ட் ஐயாவின்ர சொத்து மாதிரி இருந்திது, போய்க் கேட்டன். கனநேரம் யோசிச்சார். "செய்யச் சொல்லு, எனக்கு மேல் பட்டன் இல்ல, அதையும் பிச்சுவிடு" எண்டார்.