கலிமாவும் விசுவாசப் பிரமாணமும்

இஸ்லாத்தின் நம்பிக்கை உறுதிமொழியான ஷஹாதா, அதாவது கலிமா, இரண்டே கூற்று: அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை, முஹம்மது அவனுடைய தூதர். ‘நான் சாட்சி சொல்கிறேன்’ என்று ஒருமையில் தொடங்கும். மனதார நம்பிச் சொன்னவர் அப்போதே முஸ்லிம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கிலும் தொழுகையிலும் ஒலிப்பது, உயிர் பிரியும்போதும் நாவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள்.

கிறிஸ்தவர்களின் நைசீன் விசுவாசப் பிரமாணம் அப்படியில்லை, நீளமானது. இயேசுவைப் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸ் என்னும் குருவை மறுக்க, 325இல் நைசியாவில் ஆயர்கள் கூடி வகுத்தது. 381இல் கான்ஸ்டான்டினோபிளில் விரிந்தது. கிரேக்க மூலத்தில் ‘நாங்கள் விசுவாசிக்கிறோம்’ என்று பன்மை. அப்புறம், தூய ஆவி தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்ற இடத்தில் லத்தீனில் ‘மகனிடமிருந்தும்’ என்று சேர்ந்த ஒரு சொல், கிழக்குத் திருச்சபைக்கும் மேற்குக்கும் இன்றுவரை தீராத வழக்கு.

மனப்பாடத்துக்குக் கலிமாதான் எளிது. ஆனால் நம்பிக்கை தளரும் நாளில் அந்த ‘நாங்கள்’ பெரிய துணை என்றே நினைக்கிறேன்.