செங்கோட்டை அருகே புளியரை மொட்டை மாடியில் இரண்டு மாதம்: 50 மி.மீ. ஸ்மார்ட் டெலஸ்கோப் எப்படி?

தானே விண்மீனைத் தேடிப் படம் எடுக்கும் இந்த டெலஸ்கோப்பை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகங்களைப் படம் எடுக்கத்தான் வாங்குகிறார்கள். நான் வாங்கியது எச்.இசட். ஹெர்குலிஸ் என்ற ஒரே விண்மீனுக்காக. ஏப்ரல், மே முழுக்க அதையே பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கொடுத்த காசு தகும்.

அது ஒன்றையொன்று சுற்றும் இரட்டை. ஒன்று சாதாரண விண்மீன், மற்றது நியூட்ரான் விண்மீன், அதாவது வெடித்த பெரிய விண்மீனின் மிக அடர்ந்த மிச்சம். சாதாரண விண்மீனின் வாயு நியூட்ரான் விண்மீன்மேல் விழுந்து எக்ஸ்-கதிர் கிளம்புகிறது. காற்றுமண்டலம் அதைத் தரைக்கு விடாது, 1970-ல் ஏவிய உஹூரு செயற்கைக்கோள்தான் அதை முதலில் பிடித்தது. ஆனால் அந்தக் கதிர் அடித்து அடித்து, பக்கத்து விண்மீனின் ஒரு முகம் மட்டும் தகிக்கிறது பாருங்கள், அது நம் டெலஸ்கோப்புக்குத் தெரியும். 1.7 நாளுக்கு ஒரு சுற்று. சூடான முகம் நம் பக்கம் இருந்தால் ஒளித்தரம் (எண் கூடினால் வெளிச்சம் குறைவு) சுமார் 13, முதுகைக் காட்டினால் 14.6 வரை மங்கும். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம்.

முதல் நாள் நடுராத்திரி பத்து நிமிடப் படத்தில் பளிச்சென்று நின்றது. மறுநாள் அதே நேரம், அதே இடம், பக்கத்து விண்மீன்கள் எல்லாம் அப்படியே இருக்க இது மட்டும் சுருங்கிப்போய்க் கிடந்தது. ஒரு நாளில் சுற்றில் பாதிக்கு மேல் கடந்துவிடுகிறதே, அதனால்தான். 17 நாளில் சரியாகப் 10 சுற்று. பதினேழாம் ராத்திரி பழைய வெளிச்சம் திரும்பியதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது, 20,000 ஒளியாண்டுக்கு அப்பால் நடக்கிற விஷயம் அது.

எக்ஸ்-கதிரில் இதற்கு 35 நாள் கணக்கு ஒன்றும் உண்டு. நியூட்ரான் விண்மீனைச் சுற்றியுள்ள சாய்ந்த வாயுவட்டு மெல்லத் திரும்பி, சில நாள் அதை நம்மிடமிருந்து மறைத்துவிடும். பக்கத்து விண்மீனின் முகம் அப்போதும் காய்ந்துகொண்டுதான் இருக்கும், அதனால் 1.7 நாள் ஏற்ற இறக்கம் நிற்பதில்லை.

சரி, குறைகள். ஆப் காட்டும் அழகான படத்தை வைத்து ஒளியை அளக்க முடியாது, கேமரா பதிந்த அளவுகளை அப்படியே வைத்திருக்கும் ஃபிட்ஸ் கோப்புதான் வேண்டும். தனித்தனி 10 விநாடிப் படங்களைச் சேமிக்கும் வசதி எனக்கு வந்த கருவியில் அணைந்தே இருந்தது. அது தெரியாமல் முதல் வாரம் மூன்று மணி நேரப் பதிவு முழுவதும் ஒரே படமாகச் சேர்ந்து, இடையில் நடந்த மாற்றம் தெரியாமலே போயிற்று. வாங்கியதும் முதலில் அதைப் போடுங்கள். அப்புறம், கணவாய்க் காற்று வேகமாக அடித்தால் விண்மீன்கள் கோடாகிவிடும், கைப்பிடிச் சுவரை ஒட்டித் தரையிலேயே வைத்தால் போதும். ஒப்பிட வேண்டிய விண்மீன்களின் வரைபடத்தை அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் இலவசமாகவே தருகிறது.

எங்களுக்கு மேற்கே மலை மறைத்தாலும், இந்த விண்மீன் இருக்கும் ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டம் வடகிழக்கில் வயல் பக்கம் எழும்புவதால் தொந்தரவில்லை. இப்போது சாரல் தொடங்கிவிட்டது, டெலஸ்கோப் பெட்டிக்குள். இனி பிப்ரவரி விடியற்காலையில்தான்.