கூடத்துக்குச் சந்தன பீஜா, சாம்பல் பீஜா?

சென்னையில் புதிதாக வீடு வாங்கியிருக்கும் நண்பர், எங்கள் வீட்டுச் சுவர்களின் இரண்டு நிறங்களில் எதைத் தம் கூடத்துக்கு அடிக்கலாம் என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். எங்கள் கூடத்தில் இருப்பது சந்தனச் சாயல் கொண்ட பீஜ், அதாவது வெளிர் பழுப்பு. வடக்கு ஜன்னல் மட்டுமே உள்ள படுக்கையறையில் இருப்பது, பெயின்ட் கடைகளில் கிரேஜ் என்று சொல்லும் சாம்பல் கலந்த பீஜ். இரண்டும் ஒரே நிறுவனத்தின் எமல்ஷன். ஒளியைத் திருப்பி அனுப்பும் திறனும் இரண்டுக்கும் 100க்கு 60ஐ ஒட்டியதே.

பகலில் கிரேஜுக்கு நிகரில்லை. தேக்குக் கதவோடும் வெள்ளைக் கூரையோடும் அது ஒருசேர இணங்குகிறது. சுவிட்ச் பலகையைச் சுற்றிப் படியும் கைக்கறையும் எளிதில் கண்ணில் படுவதில்லை. மே, ஜூன் மாதங்களில் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி உதிப்பதால், குளிர்காலம் முழுவதும் நேர்வெயில் காணாத அந்த அறைக்குள் காலை வெயில் சாய்வாக விழுகிறது. அப்போது சுவரில் படரும் இளம்பொன் நிறத்தை எந்த ஷேட் கார்டும் காட்டியதில்லை.

இத்தனை அழகும் டியூப்லைட் போட்டதும் போய்விடுகிறது. நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும், வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் எல்இடி விளக்கின் ஒளியில் நீலம் மிகுதி, ஆழ்ந்த சிவப்பு குறைவு. மஞ்சள் நிறமியோடு கருப்பு சேர்ந்தால் இயல்பாகவே பச்சை எட்டிப்பார்க்கும் என்பதால், அந்த ஒளியில் எங்கள் கிரேஜ் சுவர், பூசி முடித்து இன்னும் ஈரம் காயாத சிமென்ட் போல மங்கிவிடுகிறது. ஒவ்வொரு இரவும் இதைப் பார்த்து எரிச்சலடைகிறேன். மஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் விளக்கில் நிறம் சீராகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இரவில் படிப்பதற்கு அம்மாவுக்கு வெள்ளை வெளிச்சம்தான் வேண்டும், அவர் கேட்பது நியாயமே.

சந்தன பீஜில் புதுமை ஏதுமில்லை. மேற்கு வெயிலில் அதன் மஞ்சள் சற்றுத் தூக்கலாகவே தெரிகிறது. ஆயினும், எந்த விளக்கைப் போட்டாலும் அது பீஜாகவே இருக்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் முகமும் வாட்டமாகத் தெரிவதில்லை.

இரண்டில் பண்பட்ட நிறம் கிரேஜ்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தும் நண்பருக்கு நான் சொல்வது சந்தன பீஜ். கூடம் நிறைவது இரவில்தான். மனம் கேட்கவில்லை என்றால், பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு இரு கோட் கிரேஜ் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் இரவு எட்டு மணிக்குத் தம் வீட்டு டியூப்லைட்டிலேயே அவர் பார்க்கட்டும். அடுத்த முறை பெயின்ட் அடிக்கும்போது எங்கள் படுக்கையறையும் சந்தன பீஜுக்கு மாறிவிடும்.