ஏசஸ் கலர் சிஸ்டம், நம்ம கேஎல் டீமுங்களுக்கு ஒத்து வருமா

எடிட்டிங் பிரிக்ஃபீல்ட்ஸ்ல, விஎஃப்எக்ஸ் (கிராஃபிக்ஸ்) கிள்ளான்ல, கிரேடிங் (கலர் சரி பண்றது) வேற ஒருத்தர் வீட்டுலன்னு படம் பண்றவங்களுக்கு நான் கண்ண மூடிட்டு சொல்றது ஏசஸ் (ACES) தான், எந்த கேமரால எடுத்தாலும் கலர ஒரே பொது அளவுக்கு கொண்டு வர்ற முறை. ஆஸ்கார் குடுக்குற அதே அகாடமி 2014 கடைசில 1.0 விட்டாங்க, காசு எதுவும் கட்ட வேணாம், டாவின்ச்சி ரிசால்வ் சாஃப்ட்வேர்லயே இருக்கு.

பத்துமலைல தைப்பூசம் நைட் ஷூட், ஒரு கேமரா சோனி எஸ்-லாக்3, இன்னொண்ணு ஆரி லாக்-சி (அந்தந்த கம்பெனி கேமரா கான்ட்ராஸ்ட் கம்மியா பதியுற முறை). ரெண்டுக்கும் அதது இன்புட் டிரான்ஸ்ஃபார்ம (கேமரா கலர ஏசஸுக்கு மாத்துற கணக்கு) போட்டதும் முருகன் சிலையோட தங்க கலர் ரெண்டு ஷாட்லயும் பக்கத்துல வந்துடுச்சு, அச்சு அசலா இல்ல, லென்ஸ், வைட் பேலன்ஸ் வித்தியாசத்த கையாலதான் சரி பண்ணணும், ஆனா ஆரம்பமே நல்ல இடத்துல நிக்குது.

பெரிய லாபம் விஎஃப்எக்ஸ்ல தான். முன்ன ஒரு ஸ்டூடியோல இருந்து லட் (கலர் மாத்துற ரெடிமேட் ஃபைல்) போட்டு, அத படத்துலயே பதிச்சு அனுப்பின ப்ளேட்ல (கிராஃபிக்ஸ் சேர்க்க போற ஷாட்) விளக்கு வெளிச்சமெல்லாம் வெள்ளையா வெட்டுப்பட்டு வந்துச்சு, அத மீட்கவே முடியாது. ஏசஸ்ல லீனியர் இஎக்ஸ்ஆரா (வெளிச்சத்த வெட்டாம வச்சிருக்குற இமேஜ் ஃபைல்) போகுது, விஎஃப்எக்ஸ் ஆளுங்க ஏசஸ்-சிஜில (கிராஃபிக்ஸுக்கான ஏசஸ் கலர் ஸ்பேஸ்) வேலை பார்த்து திருப்பி அனுப்புவாங்க, எல்லார்கிட்டயும் ஒரே ஓப்பன்கலர்ஐஓ கான்ஃபிக் (சாஃப்ட்வேருங்களுக்கு கலர் செட்டிங் சொல்ற ஃபைல்) இருந்தா பாக்குற படமும் ஒண்ணுதான். 3டி பொருள் மேல ஒட்டுற டெக்ஸ்ச்சர் படங்கள்ல மட்டும் கவனம் லா, கலர் மேப்ப எஸ்ஆர்ஜிபின்னு (சாதா கம்ப்யூட்டர் ஸ்கிரீன் கலர்) குறிக்கணும், மேடு பள்ளம் காட்டுற நார்மல், சொரசொரப்பு காட்டுற ரஃப்னெஸ் மேப்புங்கள கலர் மாத்தாம 'ரா'ன்னு விடணும், இல்லன்னா மெட்டீரியலே தப்பா தெரியும்.

குறையும் இருக்கு. 1.x வெர்ஷன்ல அடர் நீல எல்இடி லைட் ஊதாவா மாறி, ஓரம் வெட்டின மாதிரி திட்டு திட்டா நிக்கும், திருவிழா சீன் எடுக்குற நமக்கு இது சின்ன விஷயம் இல்ல. 1.3ல வந்த கேமட் கம்ப்ரெஸ் (அளவு மீறின கலர உள்ள இழுக்குறது) ஓரளவு காப்பாத்தும். கான்ட்ராஸ்ட்டும் தூக்கல், நம்ம ஆளுங்க முகம் நிழல்ல இருந்தா ரொம்ப இருட்டிடும், அத நான் எப்பவும் கொஞ்சம் தூக்கி விடுவேன். 2.0ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மையே (ஏசஸ் கலர ஸ்கிரீனுக்கு மாத்துற கணக்கு) புதுசா எழுதிட்டாங்க, கான்ட்ராஸ்ட் இறங்கியிருக்கு, நீலமும் ஒழுங்கா நடந்துக்குது, புதுப் படம்னா நேரா அதுலயே ஆரம்பிங்க. பாதி வேலைல வெர்ஷன் மாத்திடாதீங்க, பண்ணி வச்ச கிரேடெல்லாம் வேற மாதிரி தெரியும்.

டிவிக்கு ரெக்.709, தியேட்டருக்கு பி3ன்னு (ரெண்டும் ஸ்கிரீன் கலர் ஸ்டாண்டர்டு) அவுட்புட்ட மாத்திக்கலாம், மேல கொஞ்சம் ட்ரிம் பண்ணா போதும். ஆனா மானிட்டர காலிபிரேட் பண்ணாம (கலர் சரியா காட்டுதான்னு அளந்து செட் பண்ணாம) ஏசஸ் போட்டு பிரயோஜனமே இல்ல, மொத காசு அதுக்குத்தான் போகணும். ஒரே கேமரால கல்யாண வீடியோ எடுக்குறவங்களுக்கு இவ்வளவு தேவையில்ல, கேமரா கம்பெனி குடுக்குற லட்டே தாராளமா போதும்.