பாலினத் தேடலுக்கு இரண்டு தன்வரலாறுகள்: ‘நான், வித்யா’, ‘வெள்ளை மொழி’

தன் பாலினம் பற்றிய கேள்வியோடு இருப்பவர் கையில் தமிழில் நம்பிக் கொடுக்கக்கூடிய புத்தகங்கள் என்றால் முதலில் இந்த இரண்டைச் சொல்லலாம். திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. இன்னொரு திருநங்கையான அ. ரேவதியின் தன்வரலாறு 2010இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் முதலில் வந்து, அடுத்த ஆண்டு ‘வெள்ளை மொழி’ என்று தமிழில் வந்தது.

இரண்டுமே நல்ல புத்தகங்கள். ஆனால் வாசிக்கும் முறை தவறினால் தெளிவுக்குப் பதில் குழப்பம்தான் கூடும். “இது எனக்கும் நடந்தது, அப்படியானால் நானும் இப்படித்தான்” என்றோ, “எனக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை, அப்படியானால் நான் இப்படி இல்லை” என்றோ முடிவுகட்டுவதுதான் பலரும் விழும் பள்ளம். எழுதியவரின் வாழ்க்கையை அளவுகோலாக வைத்துத் தன்னை அளக்கவே கூடாது.

அந்தப் பள்ளத்தில் விழாமல் வாசிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்: உடம்பு, நான் யார் என்ற உணர்வு, வெளித்தோற்றம் (உடை, நடை, குரல்), யார் மீது ஈர்ப்பு. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். மனதைத் தைத்த இடத்தை உரிய பத்தியில் இரண்டே வரியில், தேதி போட்டு எழுதுங்கள்.

சிறுவயதில் அக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுத் தனியே ஆடியதை வித்யா எழுதுகிறார். இதைப் படித்ததும் ‘நானும் உடுத்தியிருக்கிறேன்’ என்று தோன்றினால் அது மூன்றாவது பத்திக்குப் போகட்டும். அப்படி உடுத்தியபோது ‘இதுதான் நான்’ என்ற நிம்மதி வந்ததா, அல்லது அழகாக இருக்கிறது என்ற மகிழ்ச்சி மட்டும்தானா? அதற்கான பதில்தான் இரண்டாவது பத்தி. பாவாடை பிடித்த ஆண் ஆணாகவே இருக்கலாம். ஒருநாளும் பாவாடை தொடாதவர் திருநங்கையாக இருக்கலாம். ‘வெள்ளை மொழி’யில் மாரியம்மன் திருவிழாவுக்குக் குறத்தி வேடம் போடும் பகுதியையும் இதே கேள்வியோடு படியுங்கள். ஈர்ப்பைத் தனிப் பத்தியில் வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: ஆணை விரும்புவதால் மட்டும் யாரும் பெண்ணாகிவிடுவதில்லை. அதிகம் பேர் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஒரு மாதம் கழித்து வேறு நிற மையில், பழையதை அழிக்காமல், மறுபடி எழுதுங்கள். இரண்டு நிறத்திலும் திரும்பத் திரும்ப வருவதுதான் கவனிக்க வேண்டியது. வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் பெயர், ஊர் எதுவும் நோட்டில் வேண்டாம்.

வித்யாவின் நூல் ஆந்திராவின் கடப்பாவில் நடந்த பாலின மாற்று அறுவை சிகிச்சையில் தொடங்குகிறது. எழுத்தின் வலிமைக்கு அந்தப் பகுதி ஒன்றே சாட்சி. ஆனால் தன்னைத் தேடி வாசிப்பவர் அதில் தொடங்க வேண்டாம். குழந்தைப் பருவத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு அங்கே வாருங்கள். இரவில் தனியாக வேண்டவே வேண்டாம். அதில் வருவது வழிகாட்டி அல்ல, வேறு வழியில்லாத காலத்தின் பதிவு. தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சை இன்று சில அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே நடக்கிறது. சட்டத் தகவலையும் இந்த நூல்களில் தேடாதீர்கள்: மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மாற்றுப் பாலினத்தவர் உரிமைகளுக்கான 2019 சட்டம் இரண்டும் இவற்றுக்குப் பின்னால் வந்தவை.

‘வெள்ளை மொழி’யின் பலம் ஜமாத்துக்குள், அதாவது திருநங்கையர் சேர்ந்து வாழும் குழுவுக்குள், இருக்கும் வாழ்க்கை. அங்கே மூத்தவரான குருவுக்கும் அவரிடம் சேரும் சேலாவுக்கும் (சீடருக்கும்) உள்ள உறவில் கிடைக்கும் பாசத்தையும் அதன் கட்டுப்பாட்டையும் ரேவதி ஒன்றையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். காவல்துறை வன்முறையும் பாலியல் வன்முறையும் வரும் பக்கங்கள் கனமானவை. தூக்கம் கெட்டால் புத்தகத்தை மூடிவைப்பதில் தவறில்லை.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் திருநங்கையர் எழுதியவை. பெண்ணாகப் பிறந்து தன்னை ஆணாக உணரும் திருநம்பிகளுக்கும், ஆண் பெண் இரண்டிலும் அடங்காதவர்களுக்கும் பாதிதான் உதவும். ஆங்கிலம் வாசிக்க முடிந்தால், 2015இல் வந்த ‘தி ஜெண்டர் குவெஸ்ட் வொர்க்புக்’கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இளைஞர்களுக்கான பயிற்சி நூல் அது. கேள்விகளுக்குப் பதில் எழுதி எழுதித்தான் முன்னேற வேண்டும். பள்ளி, குடும்பம் பற்றிய பகுதிகள் அமெரிக்கச் சூழலுக்கானவை. பெற்றோரிடம் சொல்வது பற்றிய யோசனைகளை நம் வீட்டு நிலவரம் பார்க்காமல் அப்படியே செய்துவிட வேண்டாம்.

நோட்டோடு மனநல ஆலோசகரிடம் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே “என் பாலின உணர்வையோ ஈர்ப்பையோ மாற்றிவிடலாம் என்று முயல்வீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். அப்படி மாற்ற முயலும் சிகிச்சைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஆமாம் என்று பதில் வந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், படிப்பு, வேலை, குடும்ப எதிர்பார்ப்பு இவற்றுக்கு நடுவே தவிப்பவருக்கு ‘நான், வித்யா’. வீட்டை விட்டு வெளியேறி ஜமாத்தில் சேரலாமா என்று யோசிப்பவர், முடிவெடுக்கும் முன் ‘வெள்ளை மொழி’யை முழுதாகப் படித்துவிட வேண்டும்.